மண்ணெண்ணெய் ஆவி விளக்கை மேம்படுத்துதல்: ஆவிக்குழாயிலிருந்து தொடங்குங்கள்

திரி விளக்கில் ஒளி தருவது புகைக்கரி. சுடருக்குள் எரிந்து முடியாத கரித்துகள்கள் சூடேறி மஞ்சளாக ஒளிர்கின்றன. ஆவி விளக்கு இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. எண்ணெயைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, அந்த ஆவியைக் காற்றோடு கலந்து, கரியே தோன்றாத நீலச் சுடராக எரித்து, அந்தச் சுடரின் வெப்பத்தால் மேண்டில் எனப்படும் ஆக்சைடு வலையை வெண்மையாக ஒளிரச் செய்கிறது. சாதாரணத் திரி விளக்கு செலவழிக்கும் ஒவ்வொரு வாட் வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.1 லூமென் ஒளி தருமென்றால், நல்ல ஆவி விளக்கு 1 லூமென் அளவுக்குத் தரும். பத்து மடங்கு முன்னேற்றம் என்றாலும், ஊற்றிய எண்ணெயில் மிகப் பெரும்பகுதி வெறும் வெப்பமாகவே போய்விடுகிறது. மேம்படுத்த இடமிருக்கிறது என்று நம்பிக் கைவைப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கைவைப்பவர்கள் பெரும்பாலும் மேண்டிலில் தொடங்குகிறார்கள், அல்லது எண்ணெய் டேங்கில் அதிகமாகக் காற்றடித்து அழுத்தம் ஏற்றிப் பார்க்கிறார்கள். இரண்டுமே தவறான தொடக்கம் என்பது என் கருத்து. ஆவி விளக்கில் வெப்பம் ஒரு வட்டமாகச் சுழல்கிறது. மேண்டிலின் வெப்பம், எண்ணெய் ஆவியாக மாறும் ஆவிக்குழாயைச் சூடாக்குகிறது. ஆவிக்குழாயின் வெப்பநிலை, நுண்துளை மூக்கான நிப்பிளிலிருந்து பீறிடும் ஆவியின் தன்மையைத் தீர்மானிக்கிறது. பீறிடும் ஆவி எவ்வளவு காற்றை இழுத்துவரும் என்பது கலவையைத் தீர்மானிக்கிறது. கலவை சரியாக இருந்தால்தான் மேண்டில் சூடாகும். எந்த ஓர் இடத்தில் மாற்றம் செய்தாலும் அது வட்டம் முழுவதும் சுற்றிவந்து, தொடங்கிய இடத்தையே மாற்றிவிடும். ஆகவே ஆவிக்குழாயை முதலில் நிலைப்படுத்தி, பிறகு காற்றை, அதன் பின்னரே மேண்டிலை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றமாகச் செய்ய வேண்டும்.

மாற்றுவதற்கு முன் அளவிடுதல்

கண்ணால் பார்த்து "முன்னைவிடப் பிரகாசமாக இருக்கிறது" என்று சொல்வதில் பயனில்லை. கண் ஒளிக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கால்பங்கு ஒளி குறைந்தாலும் பலருக்குத் தெரியாது. மூன்று கருவிகள் போதும். ஒரு கிராம் வேறுபாட்டையும் காட்டும் தராசு, ஓரிடத்தில் விழும் ஒளியை அளக்கும் லக்ஸ் மானி, வெப்பநிலையை அளக்கும் K வகைத் தெர்மோகப்பிள் ஒன்று.

விளக்கை ஏற்றி அரைமணி நேரம் சூடேறவிட்டு, தராசில் எடையைக் குறித்துக்கொண்டு, சரியாக ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் குறைந்திருந்தால், ஒரு கிலோ மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 43 மெகாஜூல் வெப்பம் உள்ளது என்ற கணக்கில், விளக்கு ஏறத்தாழ 1,200 வாட் வெப்பத்தை வெளியிட்டிருக்கிறது. ஒரு சிறிய மின் அடுப்பின் வெப்பம் இது என்று நினைத்துப்பார்த்தால், அந்தக் கைப்பிடி ஏன் சுடுகிறது என்பது புரியும். அடுத்து, இருட்டான அறையில் மேண்டிலின் மட்டத்திலேயே, சரியாக ஒரு மீட்டர் தொலைவில் லக்ஸ் மானியை வையுங்கள். அங்கே காட்டும் லக்ஸ் எண்தான் அந்தத் திசையில் விளக்கின் ஒளிச்செறிவு, அதாவது கேண்டெலா அளவு. எல்லாத் திசையிலும் சமமாக ஒளி பரவுகிறது என்று கொண்டு 12.57 ஆல் பெருக்கினால் லூமென் கிடைக்கும். கீழே டேங்கும் மேலே மூடியும் ஒளியை மறைப்பதால் உண்மை அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் ஒரே விளக்கின் இரு நிலைகளை ஒப்பிடுவதற்கு இந்த முறை முற்றிலும் போதுமானது. 100 லக்ஸ் என்றால் ஏறத்தாழ 1,250 லூமென். அதை 1,200 வாட்டால் வகுத்தால் மேலே சொன்ன 1 லூமென் கணக்கு வந்துவிடும். பெட்டியில் அச்சடித்திருக்கும் மெழுகுவத்தி எண்ணிக்கையை மறந்துவிட்டு, உங்கள் நோட்டில் நீங்களே எழுதிய எண்ணை நம்புங்கள்.

தெர்மோகப்பிளின் முனையை ஆவிக்குழாயின் வெளிப்பரப்பில், மேண்டிலுக்கு மிக அருகிலுள்ள இடத்தில், மெல்லிய நிக்ரோம் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். முனை குழாயோடு ஒட்டாமல் சுடரில் தொங்கினால் சுடரின் வெப்பத்தைக் காட்டி ஏமாற்றும். இந்த மூன்று எண்களையும், அழுத்தமானி காட்டும் அளவையும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைப்பதுதான் முழு வேலையின் அடித்தளம்.

ஆவிக்குழாய்

என் முதல் முயற்சியில், ஆவிக்குழாயை மேண்டிலைச் சுற்றி இரண்டு வளையமாக வளைத்தேன். வெப்பம் கூடினால் ஆவி நன்றாக வரும், ஆவி நன்றாக வந்தால் ஒளி கூடும் என்பது என் எண்ணம். முதல் நாள் மாலை விளக்கு அழகாக எரிந்தது. இரண்டாம் நாள் ஒளி மங்கியது. நிப்பிளின் துளையைச் சுத்தம் செய்யும் ஊசியை (பின்) குத்தினால் சிறிது நேரம் தெளிந்து மறுபடியும் மங்கியது. குழாயைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது, மேண்டிலுக்கு நேர் எதிரேயிருந்த வளைவில், பளபளப்பான கருங்கரி ஓடுபோலப் படிந்து, பென்சிலின் கூர்கூட நுழையாத அளவுக்குத் துவாரம் சுருங்கியிருந்தது. வளைவுக்கு இரண்டு அங்குலம் முன்னால் குழாய் சுத்தமாக, பித்தளையின் மஞ்சள் நிறத்தோடு இருந்தது.

அதன் பிறகுதான் நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். ஒரு கிராம் மண்ணெண்ணெயை அறை வெப்பநிலையிலிருந்து சூடாக்கி, முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 850 ஜூல் போதும். மணிக்கு 100 கிராம் எரியும் விளக்கில் நொடிக்கு 0.028 கிராம்தான் ஓடுகிறது. அப்படியென்றால் ஆவியாக்கத் தேவைப்படுவது வெறும் 24 வாட். விளக்கு வெளியிடும் 1,200 வாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. நன்றாக எரிந்துகொண்டிருக்கும் ஆவி விளக்கின் நோய், வெப்பப் பற்றாக்குறை அன்று; தேவைக்கு மேல் வெப்பம் ஆவிக்குழாயில் சேர்வதே.

எவ்வளவு வெப்பம் அதிகம்? மண்ணெண்ணெய் ஒரே பொருள் அன்று. அதன் இலேசான பகுதி 150 டிகிரி செல்சியசுக்கு அருகிலும், கனமான பகுதி 300 டிகிரிக்கு அருகிலும் கொதிக்கும். டேங்கில் 2 பார் அழுத்தம் ஏற்றியிருந்தால் கொதிநிலைகள் இன்னும் சுமார் 50 டிகிரி மேலே போகும். ஆகவே கடைசித் துளியும் ஆவியாக வேண்டுமானால் குழாயின் உட்புறம் 350 டிகிரியை எட்ட வேண்டும். மறுபுறம், 450 டிகிரியைத் தாண்டிச் செல்லச் செல்ல எண்ணெயின் மூலக்கூறுகள் உடைந்து கரியாகப் படியத் தொடங்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள நூறு டிகிரிதான் நாம் வேலை செய்யக் கிடைக்கும் இடம். குழாயின் எந்தப் புள்ளியும் 450 டிகிரி எல்லையைத் தாண்டக் கூடாது என்பதே ஆவிக்குழாய் வடிவமைப்பின் முழு நோக்கமும்.

இதை அடையச் சில வழிகள் உள்ளன. முதலாவது, தூரம். குழாயை மேண்டிலிலிருந்து சில மில்லிமீட்டர் விலக்கினாலே தெர்மோகப்பிளின் எண் இறங்குவதைப் பார்க்கலாம். குழாயைப் பிடிக்கும் கிளிப்பில் நீள்துளை ஒன்று போட்டு, திருகாணியைத் தளர்த்தி நகர்த்தும்படி வைத்துக்கொண்டால், வெட்டாமல் ஒட்டாமல் சரியான இடத்தைத் தேடலாம். இரண்டாவது, சுவரின் தடிமன். மெல்லிய குழாயில் சுடர் தொடும் இடம் மட்டும் கொதித்து, மற்ற இடம் ஆறியிருக்கும். தடித்த பித்தளைச் சுவர் வெப்பத்தை நீளவாக்கில் பரப்பிச் சூட்டுப்புள்ளியைத் தணிக்கிறது. ஏற்றும்போது சற்று நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதே அதற்கு நாம் கொடுக்கும் விலை. மூன்றாவது, குழாயின் உள்ளே ஒரு மெல்லிய கம்பியையோ முறுக்கிய பித்தளைத் தகட்டையோ செருகிவைப்பது. எண்ணெய் நடுவில் நேராக ஓடிவிடாமல் சுவரை ஒட்டி ஓடும், திரவம் விட்டுவிட்டுக் கொதிப்பதால் வரும் துடிப்பு குறையும், கரி படிந்தால் செருகியை உருவியெடுத்துத் துடைத்துவிடலாம். எளிய மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குழாயை முற்றிலும் மாற்றாமல், பத்து நிமிடத்தில் விளக்கை மறுபடியும் எரியவைக்க உதவுகிறது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. பிசின்போன்ற படிவுகள் 450 டிகிரிக்குக் கீழேயும் தோன்றும். அவற்றுக்குக் காரணம் எண்ணெயில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். டேங்கில் காற்றடித்து அழுத்தம் ஏற்றும்போது அதிகமான ஆக்சிஜன் எண்ணெயில் கரைகிறது. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் விளக்கு நெடுநாள் சுத்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொதிநிலை தாழ்வதால் நாம் வேலை செய்யும் நூறு டிகிரி இடமும் சற்று அகலமாகிறது.

விளக்கை ஏற்றும்போது ஆவிக்குழாயை முதலில் சூடாக்க எரிக்கும் ஸ்பிரிட்டின் (எரிசாராயத்தின்) அளவையும் இங்கேயே கணக்கிட்டுவிடலாம். 60 கிராம் பித்தளைக் குழாயை 30 டிகிரியிலிருந்து 350 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 7.3 கிலோஜூல் வேண்டும். ஸ்பிரிட் ஒரு கிராமுக்கு 27 கிலோஜூல் தரும் என்றாலும், திறந்த கிண்ணத்தில் எரியும்போது அதில் பத்தில் ஒரு பங்கே குழாயைச் சேரும் என்று கொண்டால் சுமார் 3 கிராம், அதாவது 4 மில்லிலிட்டருக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். கிண்ணத்தைக் குழாய்க்கு நேர் கீழே வைத்து, அதைச் சுற்றி ஒரு சிறு தகட்டுத் தடுப்பு போட்டால் இதே வேலை குறைந்த ஸ்பிரிட்டில் முடியும். குறைவாக ஊற்றி அவசரப்பட்டு வால்வைத் திறந்தால் என்னவாகும் என்பது ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும். நிப்பிளிலிருந்து ஆவிக்குப் பதிலாகத் திரவ எண்ணெயே பீறிட்டு, மஞ்சள் சுடர் மூடிக்கு மேலே எழும்பி, புதிய மேண்டிலைக் கரியால் மூடிவிடும்.

நிப்பிளும் காற்றும்

2 பார் அழுத்தத்தில் மணிக்கு 100 கிராம் செல்ல வேண்டுமானால் நிப்பிளின் துளை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய துளையில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு உண்டு. 0.20 மில்லிமீட்டர் துளை, பின் குத்திக் குத்தி 0.22 ஆக அகன்றால், பரப்பு 21 சதவீதம் கூடிவிடுகிறது. எண்ணெய் அதே அளவுக்குக் கூடுதலாக வரும். காற்று அந்த அளவுக்குக் கூடாது. மேண்டில் வெண்மை இழந்து மஞ்சளாகும். "பழைய விளக்கு முன்போல் எரிவதில்லை" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்த அகன்ற துளைதான். ஆகவே பின் எஃகுக் கம்பியாக, துளையைவிடத் தெளிவாக மெல்லியதாக, நேராக மேலேறும்படி வழிகாட்டியோடு இருக்க வேண்டும். நிப்பிளைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி திருகு வைப்பதே நல்ல வடிவமைப்பு.

அழுத்தத்தைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. இந்த அழுத்தத்தில் ஆவி நிப்பிளின் துளையில் ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் வேகம் கூடாது. ஓட்டம், வளிமண்டலத்தையும் சேர்த்த முழு அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். அழுத்தமானி 2 பாரிலிருந்து 1 பாருக்கு இறங்கினால், முழு அழுத்தம் 3 இலிருந்து 2 ஆகிறது. எண்ணெய் ஓட்டம் பாதியாகக் குறையாமல், மூன்றில் ஒரு பங்கு மட்டுமே குறைகிறது. டேங்கில் எண்ணெய் குறையக் குறையக் காற்றின் இடம் பெரிதாகி அழுத்தம் மெல்ல இறங்குவதால், டேங்கை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல் வைத்தால் ஒளி நெடுநேரம் நிலையாக இருக்கும்.

பீறிடும் ஆவி, பக்கத்திலுள்ள காற்றைத் தன்னோடு கலவைக் குழாய்க்குள் இழுத்துச் செல்கிறது. ஒரு கிராம் மண்ணெண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். எவ்வளவு காற்று வரும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது, கலவைக் குழாயின் குறுகலான இடத்தின் விட்டத்துக்கும் நிப்பிள் துளையின் விட்டத்துக்கும் உள்ள விகிதம். வாயு அடுப்புகளுக்குப் பயன்படும் எளிய வாய்பாட்டை மண்ணெண்ணெய் ஆவிக்குப் பொருத்திப் பார்த்தால், இழப்புகளைச் சேர்க்காமலே இந்த விகிதம் 25 முதல் 30 வரை வருகிறது, அதாவது 0.2 மில்லிமீட்டர் துளைக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் குழாய். குழாயின் வளைவும், பர்னர் முனையின் துளைகளும், மேண்டிலின் வலையும் ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால், இதைவிட அகலமான குழாயோடு தொடங்கி, காற்று நுழையும் வாயை ஒரு நகரும் வளையத்தால் சிறிது சிறிதாக மூடிப் பார்ப்பதே சரியான முறை. குறுகலான குழாயை அகலமாக்குவதைவிட, அகலமான வாயை மூடுவது எளிது.

நிப்பிளின் துளை கலவைக் குழாயின் நடு அச்சிலேயே குறிபார்த்திருக்க வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நிப்பிள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஆவி குழாயின் ஒரு சுவரை உரசிச் செல்லும். மேண்டிலின் ஒரு பாதி வெண்மையாகவும் மறுபாதி மந்தமாகவும் எரியும். குழாயின் மறுமுனையில் ஒரு தாளைப் பிடித்து, விளக்கை ஏற்றாமல் மெல்லக் காற்றை மட்டும் நிப்பிள் வழியாக விட்டுப் பார்த்தால், தாள் எந்த இடத்தில் துடிக்கிறது என்பதைக் கொண்டே சாய்வைக் கண்டுபிடித்துவிடலாம்.

எரிந்த புகை திரும்பவும் காற்று வாய்க்குள் நுழைவதுதான் நான் பார்த்த விளக்குகளில் அடிக்கடி இருந்த குறை. மூடியின் கீழ் விளிம்பு வழியாக வெளியேறும் சூடான புகை, பக்கத்திலேயே இருக்கும் காற்று வாயால் இழுக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்த காற்றில் சுடர் தணிகிறது, ஆவிக்குழாயும் ஆறுகிறது, வட்டம் முழுவதும் தளர்கிறது. புகை வழிக்கும் காற்று வாய்க்கும் நடுவே ஒரு முழுமையான தகட்டுத் தடுப்பு வைத்து, புகையை மேலே மட்டும் வெளியேற்றினால், வேறெந்த மாற்றமும் இல்லாமலே லக்ஸ் மானியின் எண் ஏறுவதைப் பார்க்கலாம்.

மேண்டிலும் சுடரும்

கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885இல் வாயு மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அன்றைய கலவை பச்சை கலந்த மங்கலான ஒளியையே தந்தது. 1891இல் அவர் கண்டடைந்த 99 சதவீதத் தோரியம் ஆக்சைடும் 1 சதவீதச் சீரியம் ஆக்சைடும் சேர்ந்த கலவைதான் மேண்டிலை வெற்றிபெறச் செய்தது. தோரியம் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் மிகக் குறைவாகவே வெப்பத்தை இழப்பதால் அதிக சூட்டில் நிற்கிறது. சிறிதளவு சீரியம் அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. சீரியத்தைக் கூட்டினால் ஒளி கூடும் என்று தோன்றும். உண்மையில் வெப்ப இழப்புக் கூடி மேண்டில் ஆறிவிடும். தோரியம் இலேசான கதிரியக்கம் உள்ளது என்பதால், உடைந்த மேண்டிலின் தூளை ஊதக் கூடாது. ஈரத்துணியால் எடுத்துக் கை கழுவ வேண்டும். இப்போது பரவலாகக் கிடைக்கும் இட்ரியம் மேண்டில்களில் இந்தக் கவலை இல்லை. ஒளி சற்றுக் குறைவு.

ஒளியைக் கூட்டுவதற்கு வெப்பநிலை எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் எண்ணால் சொல்லலாம். ஏறத்தாழ 2,000 கெல்வினில் ஒளிரும் பொருளின் வெப்பநிலை ஒரு சதவீதம், அதாவது 20 டிகிரி மட்டும் உயர்ந்தால், கண் நன்கு உணரும் பச்சை ஒளி ஏறத்தாழ 13 சதவீதம் கூடுகிறது. அதிக எண்ணெயை எரித்து மேண்டிலைப் பெரிதாக்குவதைவிட, அதே எண்ணெயால் மேண்டிலை 20 டிகிரி கூடுதலாகச் சூடாக்குவதே சிறந்த வழி என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அதற்கு முதல் நிபந்தனை, சுடர் எரியும் இடமும் மேண்டில் இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பது. நீலச் சுடரின் உட்கூம்புக்குச் சற்று வெளியேதான் மிக அதிகச் சூடு. மேண்டில் பெரிதாக இருந்தால் அதன் தோள்கள் மந்தமாகும். சிறிதாக இருந்தால் சுடர் வலையைத் தாண்டி வெளியே எரிந்து, மேண்டிலின் அடியில் நீல நாக்குகள் தெரியும். மேண்டில் இல்லாமல் சுடரை மட்டும் ஏற்றி, இருட்டில் அதன் வடிவத்தைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் மேண்டிலைத் தேர்ந்தெடுங்கள். எரித்துச் சாம்பலாக்கிய மேண்டில் நூல்போலத் தோன்றினாலும் வெறும் ஆக்சைடு எலும்புக்கூடுதான்; விரல் பட்டாலே உதிரும். அதனால் முதல் எரிப்பின்போதே அது சுருங்கி எடுக்கும் வடிவம் அதன் கடைசி வடிவம். சுருக்கங்களை முன்கூட்டியே சமமாக நீவிவிட்டு, நூலை இறுக்கிக் கட்டி, வெட்டிய நூல்நுனி வலையின் மீது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, உள்ளே வரும் காற்றைப் புகையின் வெப்பத்தால் சூடாக்குவது. காற்று 100 டிகிரி கூடுதல் சூட்டோடு நுழைந்தால் சுடரின் வெப்பநிலை ஏறத்தாழ 50 டிகிரி உயரும். மேண்டில் அதில் பாதியளவு உயர்ந்தால்கூட ஒளி 15 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும். ஆனால் சூடான காற்று இலேசானது; அதே ஆவி இழுத்துவரும் காற்றின் எடை ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்துவிடும். காற்று வாயை அதற்கேற்பத் திறக்காவிட்டால் ஆதாயம் முழுவதும் பறிபோகும். கலவை சூடாவதால் சுடர் பின்னோக்கிப் பாய்ந்து கலவைக் குழாய்க்குள்ளேயே எரியத் தொடங்கும் அபாயமும் உண்டு. "பட்" என்ற சத்தத்தோடு மேண்டில் அணைந்து, குழாய் சிவக்கத் தொடங்குவது அதன் அடையாளம். உடனே வால்வை மூடிவிட வேண்டும். பர்னர் முனையின் துளைகளை 2 மில்லிமீட்டருக்கு நன்கு குறைவாக வைப்பதும், பீங்கான் முனையைப் பயன்படுத்துவதும் இதைத் தடுக்கும்.

கண்ணாடிக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. போரோசிலிகேட் கண்ணாடி போதும். தூசியும் எண்ணெய்ப் படலமும் படிந்த கண்ணாடி, மேலே சொன்ன வழிகளால் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் அதைத் துடைத்துவிடுங்கள்.

டேங்கும் பாதுகாப்பும்

டேங்கை மாற்றினாலோ புதிதாக ஒட்டினாலோ, முதல் சோதனை தண்ணீரால்தான். டேங்கைத் தண்ணீரால் முழுவதும் நிரப்பி, காற்றை முற்றிலும் வெளியேற்றி, வேலை அழுத்தத்தின் இரு மடங்குக்கு ஏற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அமுங்காது என்பதால் ஒட்டு பிரிந்தாலும் சிறிது தண்ணீர் மட்டுமே பீறிடும். அதே சோதனையைக் காற்றால் செய்தால், அமுங்கிய காற்று தகட்டைக் கிழித்து எறியும். வெப்பம் படும் இடங்களில் ஈய ஒட்டுக்கு இடமே இல்லை. சாதாரண ஈய-வெள்ளீய ஒட்டு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அங்கே வெள்ளி கலந்த பற்றாசு வைக்க வேண்டும்.

மண்ணெண்ணெயின் தீப்பற்று நிலை (அதன் ஆவி நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை) 38 டிகிரி அளவில் தொடங்குவதால், டேங்கின் மேற்பரப்பு கையால் தாராளமாகத் தொடும் சூட்டுக்குள் இருக்க வேண்டும். மேண்டிலிலிருந்து நேராக டேங்கின் மேல் விழும் வெப்பத்தைத் தடுக்க, இடையில் பளபளப்பான தகடு ஒன்றைச் சிறு இடைவெளியோடு பொருத்துங்கள். அழுத்தத்தை உடனே வெளியேற்றும் திருகு, கைக்கு எட்டும் இடத்தில், சுடரிலிருந்து விலகியிருக்கட்டும். இந்த விளக்கில் ஒருபோதும் பெட்ரோலைக் கலக்காதீர்கள். சிறிதளவு கலந்தாலும் டேங்கில் எரியக்கூடிய ஆவி நிறைந்துவிடும்.

மணிக்கு 100 கிராம் எரியும் விளக்கு ஏறத்தாழ 310 கிராம் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது; ஏழு எட்டுப் பேர் அந்த அறையில் மூச்சுவிடுவதற்குச் சமம். காற்றுக் குறைந்த கலவையில் கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு வாசனை கிடையாது. மாற்றங்களைச் சோதிக்கும் நாட்களில் திறந்த இடத்தில் மட்டும் ஏற்றுங்கள்.

வேறு எரிபொருள்கள்

தாவர எண்ணெயை இந்த விளக்கில் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. தாவர எண்ணெய் கொதிப்பதற்கு முன்பே சிதைந்து பிசினாகிவிடும். ஆவிக்குழாய் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். எத்தனால் முற்றிலும் வேறு வகை. அது 78 டிகிரியிலேயே கொதிப்பதால் கரிப் படிவு ஏறத்தாழ இல்லை. ஆனால் ஒரு கிராமை ஆவியாக்க மண்ணெண்ணெயைவிட அதிக மறைவெப்பம் வேண்டும். தரும் வெப்பமோ கிராமுக்கு 27 கிலோஜூல் மட்டுமே. எரியத் தேவையான காற்றும் 9 கிராம்தான். ஆகவே துளை பெரிதாக வேண்டும், கலவைக் குழாயின் விகிதம் சிறிதாக வேண்டும். மகாராஷ்டிரத்தின் பல்தண் ஊரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நூரி விளக்கு, மண்ணெண்ணெயோடு எத்தனாலையும் எரிக்கும்படி வடிவமைக்கப்பட்டு, 100 வாட் குண்டு பல்புக்கு இணையான ஒளியைத் தந்தது. ஒரே ஆவிக்குழாயால் இரு எரிபொருள்களுக்கும் ஈடுகொடுக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. அதைக் குறிவைப்பவர்கள் நிப்பிளையும் காற்று வளையத்தையும் எரிபொருளுக்கு ஏற்ப மாற்றும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

நூறு மணி நேரச் சோதனை

புதிய விளக்கின் முதல் மாலை ஒளியைக் கொண்டு எதையும் முடிவுசெய்யக் கூடாது என்பதை என் இரட்டை வளையம் எனக்குக் கற்பித்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விளக்கை மொத்தம் நூறு மணி நேரம், நாளுக்குச் சில மணி நேரமாகப் பிரித்து, ஏற்றியும் அணைத்தும் எரியவிடுங்கள். தொடர்ந்து எரிப்பதைவிட இப்படிச் செய்வது கடுமையான சோதனை; ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் சூடான குழாயில் தேங்கிய எண்ணெய் அங்கேயே வெந்து கரியாகிறது. முதல் மணி நேரத்தில் எடுத்த லக்ஸ் எண்ணையும் நூறாவது மணியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணெய்ச் செலவும் லக்ஸும் சேர்ந்து குறைந்திருந்தால் குழாயோ நிப்பிளோ அடைபடுகிறது. எண்ணெய்ச் செலவு கூடி லக்ஸ் குறைந்திருந்தால் நிப்பிள் அகன்றுவிட்டது. எண்ணெய்ச் செலவு மாறாமல் லக்ஸ் மட்டும் குறைந்திருந்தால் மேண்டிலையும் கண்ணாடியையும் காற்று வழியையும் பாருங்கள்.

பிறகு ஆவிக்குழாயைக் கழற்றுங்கள். மாற்றுக்குழாய் ஒன்று கைவசம் இருந்தால், இதைத் தயங்காமல் நீளவாக்கில் அறுத்து, உட்புறத்தை ஒரு லென்ஸால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். பழுப்பு நிற மெழுகுபோன்ற படிவு இருக்கும் இடம் மிதமான சூடு பட்ட இடம்; கருத்துப் பளபளக்கும் கடினக் கரி இருக்கும் இடம் எல்லை தாண்டிய இடம். அந்தக் கருமை தொடங்கும் புள்ளியை வெளிச்சுவரில் அரத்தால் ஒரு கீறலாகக் குறித்து, அடுத்த குழாயை விளக்கில் பொருத்தும்போது அதே இடத்தை மேண்டிலிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலக்கி வையுங்கள்.